சாமுராய் தலைக்கவசமும் என் வலை முடிச்சும்

கூச்சப்படுகிறவனை எல்லோரும் அடக்கமானவன் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆளில்லாத நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

தொண்ணூறுகளில், நாடு விட்டு வந்த புதிதில், பார்க்டேலில் ஒரு ஜப்பானியரின் பட்டறையில் துப்புரவு வேலை செய்தேன். மோரி என்று பெயர். பழைய சாமுராய் தலைக்கவசங்களைப் பழுதுபார்ப்பவர். அந்த வேலையைக் காட்டித்தான் மன்னாரில் இருந்த மனைவியை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்திருந்தேன். வேலை போனால் அவள் வருவதும் போச்சு.

ஒரு மத்தியானம் மோரி வெளியே போயிருந்தார். மேசையில் ஒரு தலைக்கவசம். ஒடுக்கமான இரும்புத் தகடுகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஆணியடித்து, கிண்ணம்போல வளைத்து, கறுப்பு அரக்குப் பூசியது. கழுத்தை மறைக்கும் தகடுகளைப் பட்டுக் கயிற்றால் கோத்து முடிக்கவே மோரிக்கு ஒரு மாரிகாலம் போனது. (ஊரில் ஒரு மீன்வலையை நான் இரண்டு கிழமையில் பின்னிவிடுவேன் என்று எனக்குள் பெருமை வேறு.)

துடைக்கப் போனவன் தலையில் வைத்துப் பார்த்தேன். விழுந்து உடைந்துவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியில் அதன் பட்டுக் கயிற்றை நாடிக்குக் கீழே கட்டினேன். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவனுக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். சுறாவே அவிழ்த்ததில்லை.

கழற்றப் பார்த்தேன், இறுகியது. கதவு திறந்தது. மோரி. அவருக்குப் பின்னால், கோட்டும் சூட்டுமாக, தலைக்கவசத்தின் சொந்தக்காரர். நான் கையில் மொப்போடு போருக்குத் தயாராக நின்றேன்.

"யார் இது?" என்றார் வந்தவர்.

மோரி கண் இமைக்கவில்லை. "போட்டுப் பார்க்கச் சொன்னேன். நல்ல தலை."

"திரும்பு" என்றார் வந்தவர். திரும்பினேன். "குனி." குனிந்தேன். கழுத்துத் தகடுகள் மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்று வழுக்கின. மனிதருக்குப் பரம திருப்தி.

அடுத்த கிழமை வந்து எடுப்பதாகச் சொல்லி அவர் போனதும், "கத்தரிக்கோல் எடுக்கவா?" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீசில்.

"பட்டுக் கயிற்றை வெட்டுவதென்றால் முதலில் உன் கழுத்தை வெட்டுவேன்" என்றார் மோரி.

பொழுது சாயும்வரை மூங்கில் ஊசியால் கிண்டி முடிச்சை அவிழ்த்தார். "எங்கே பழகினாய் இந்த முடிச்சை?"

"மீன் பிடித்த இடத்தில், சேர்."

ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மறுநாளும் எனக்கு வேலை இருந்தது. அடுத்த வருடம் மனைவி வந்து இறங்கினாள்.

இப்போதும் பனிக்காலத்தில் என் ஜக்கெற் தொப்பியின் கயிற்றில் நான் கை வைத்தால் அவள் ஓடி வருவாள். "சும்மா நில்லுங்கோப்பா! உங்கட முடிச்ச அவிழ்க்க நான் மோரியை எங்க போய்த் தேடுறது?"

நான் குனிந்து கொடுப்பேன். அவள் கட்டி முடித்ததும் மகள் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொல்லுவாள்:

"ஓம், நல்ல தலை."