நிஞ்ஜா தொடர் குறித்த நேரடி ஆய்வு

ஆத்தூரில் இருக்கும் அந்த அரசு அலுவலகத்துக்கு என்ன வேலை என்பதில் அங்கே வேலை செய்பவர்களுக்கே இரண்டு கருத்து உண்டு. ஆனால் அங்கே வந்த மனு எதுவும் இதுவரை தொலைந்ததில்லை. தேடிக் கிடைக்காமல் போனவை உண்டு. தொலைந்தது என்று எழுத்து மூலம் யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

அங்கே பதினொரு வருடமாக உதவியாளராக இருந்த குமாரசாமிக்குச் சொந்த ஊரான திருச்செங்கோட்டுக்கு மாறுதல் உத்தரவு வந்தது. வாரம் ஒரு தடவை பஸ் மாறிப் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ப் போய், மனைவி நல்லம்மாளே அவரைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க, காப்பி சாப்பிடுறீங்களா?" என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தார். உத்தரவைப் படித்ததும் அவருக்குக் கண் கலங்கியது. கீழே இரண்டு நிபந்தனைகள் இருந்தன. தொண்ணூறு நாளுக்குள் புதிய இடத்தில் சேர வேண்டும். பெயரில் நிலுவைக் கோப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அவர் பெயரில் ஒரே ஒரு கோப்புதான் இருந்தது. அதுவும் அன்று காலைதான் வந்திருந்தது.

மனுதாரர் பெயர் சௌந்திரம். "என் கணவர் தீனதயாளன், வயது 46, ஜவ்வரிசி ஆலையில் எடை போடுபவர், ஆறு மாதமாகக் கைப்பேசியில் நிஞ்ஜா என்கிற ஜப்பான் ஒற்றனின் தமிழ் பேசும் கார்ட்டூன் தொடர் பார்த்து வருகிறார். அன்று முதல் வாசல் வழியாக வீட்டுக்குள் வருவதில்லை. சுவர் ஏறிக் குதிக்கிறார். எங்கே போனீர்கள் என்றால் ரகசியப் பணி என்கிறார். அந்த நிஞ்ஜாவைப் போலவே இரண்டு கைகளையும் பின்னால் நீட்டிக்கொண்டு ஓடுவதால் அவரிடம் தயிர் வாங்கிவரச் சொல்ல முடியவில்லை. மேற்படி தொடரைத் தடை செய்யும்படி பணிவுடன் வேண்டுகிறேன்."

மனு மேலே எங்கோ கொடுக்கப்பட்டு, 'தக்க நடவடிக்கைக்கு' என்ற குறிப்புடன் மூன்று அலுவலகம் இறங்கி வந்திருந்தது. மூன்றாவது அலுவலகம் வழக்கமான வாசகத்தையும் சேர்த்திருந்தது: 'நேரில் பார்வையிட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை முழுமையாக ஆய்வு செய்து அறிக்கை அனுப்பவும்.' ஏரி, வாய்க்கால் ஆக்கிரமிப்புகளுக்காக யாரோ ஒரு காலத்தில் எழுதிவைத்த வாசகம் அது. அதன் பிறகு எந்த மனுவுக்கும் அதைத்தான் எழுதினார்கள்.

"எத்தனை பாகம்மா?" என்று இளநிலை உதவியாளர் நர்மதாவிடம் கேட்டார் குமாரசாமி.

"அறுநூத்தி நாப்பத்தி மூணு சார்."

அவர் தண்ணீர் குடித்தார்.

"பயப்படாதீங்க. ஒவ்வொண்ணும் இருபத்திரண்டு நிமிஷம்தான். அதுல பாதிக்கு மேல ஃபில்லர். கதைக்குச் சம்பந்தமில்லாம இழுக்கறது. அதைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாம்."

மேலதிகாரி மதியழகன் நாற்காலியிலிருந்தே நிமிர்ந்தார். "தள்ளிவிடறதா? கோப்புல நடுப்பக்கத்தைப் படிக்காம விடுவீங்களா?"

"நாம எப்பவும் கடைசிப் பக்கம் மட்டுந்தானுங்களே சார் படிக்கிறோம்?" என்றார் குமாரசாமி.

"அது வேற. இது தணிக்கைக்குப் போகும்."

"அப்ப வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாமா சார்?" என்றாள் நர்மதா.

"வேகமா பார்த்தா, பணியில் அவசரம் காட்டினதா குற்றச்சாட்டு வரும்மா."

அந்த அலுவலகத்தின் மீது அப்படியொரு குற்றச்சாட்டு அதுவரை வந்ததில்லை. அந்தப் பெயரைக் கெடுக்க யாரும் விரும்பவில்லை.

ஆகவே மறுநாள் காலை பத்தரை மணிக்குக் கூடத்தில் இருந்த பெரிய திரையில் நேரடி ஆய்வு தொடங்கியது. ஆய்வு என்றால் பார்த்ததை எழுதிவைக்கும் மகஜர் வேண்டும். மகஜர் என்றால் இரண்டு சாட்சி வேண்டும். நர்மதா ஒரு சாட்சி. தொடரை நன்கு அறிந்தவர் என்ற முறையில் தீனதயாளனுக்குச் சம்மன் போனது. அவர் ஜன்னல் வழியாக வந்து சேர்ந்தார்.

"வாசல் இருக்குல்ல?" என்றார் மதியழகன்.

"எந்த வழியா வரணும்னு சம்மன்ல போடலையே சார்."

மதியழகன் சம்மனை வாங்கிப் பார்த்தார். போடவில்லைதான்.

கதை எளிமையானது. டொகிச்சி என்ற சிறு நிஞ்ஜா, பனிமலைப் பிரபுவிடம் ஓர் ஓலையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆற்றங்கரையில் ஓடக்காரன் அனுமதிச் சீட்டு கேட்டதில் நாற்பது பாகம் போனது. ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் எதிரி தன் சிறுவயதுத் துயரத்தை மூன்று பாகத்துக்கு நினைத்துக்கொண்டான். பன்னிரண்டு விதமாக விரல்களை மடக்கி முத்திரை பிடிக்காமல் டொகிச்சியால் ஒரு தீப்பொறிகூட உண்டாக்க முடியாது.

"பார்த்தீங்களா, பன்னிரண்டு ஒப்புதல் இல்லாம அங்கேயும் எதுவும் நகராது. நல்ல நிர்வாகம்," என்றார் மதியழகன். அன்று முதல் அவருடைய நாற்காலியும் கூடத்துக்கு வந்துவிட்டது.

நூறாவது பாகத்தில் சௌந்திரம் கணவரைத் தேடிக்கொண்டு வந்தார். "ஏன்யா, வேலைக்குப் போவாம இங்க வந்து குந்திக்கினு இருக்கியா? அரசாங்கமே உனக்குப் படம் போட்டுக் காட்டுதா?"

"சும்மா இரு சௌந்திரம். ஓடக்காரன் யாருன்னு இப்பதான் தெரியப்போவுது."

"யாரு?" என்று கேட்டுக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தவர், அலுவலகம் மூடும்போதுதான் எழுந்தார். மறுநாள் இருவருக்குமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார். மனு கொடுக்க வந்தவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அந்த அலுவலகத்தில் காத்திருப்பது மக்களுக்கு முதல் முறையாகப் பிடித்தது.

குமாரசாமி மட்டும் கணக்குப் போட்டார். ஒரு காகிதத்தைச் சேர்க்க ஒருவன் இத்தனை மலை ஏறுகிறானே, நான் பதினொரு வருடத்தில் எத்தனை காகிதத்தைச் சேர்த்தேன் என்று யோசித்தார். விடை வசதியாக இல்லாததால் அடுத்த பாகத்துக்குப் போனார்.

நல்லம்மாள் போன் செய்தார். "ஏனுங்க, எப்பங்க வாரீங்க?"

"நானூத்திப் பதினேழு முடிஞ்சுது அம்மிணி. டொகிச்சி இன்னும் கணவாயே தாண்டல."

"அந்தப் பையன் எங்கியோ போகட்டும். நீங்க ஊட்டுக்கு வந்து சேருங்க."

எண்பத்தாறாம் நாள், அறுநூற்று இரண்டாம் பாகம் முடிந்ததும் சௌந்திரம் ஒரு காகிதத்தை நீட்டினார். கணவர் இப்போது தன்னோடு வாசல் வழியாகவே வந்து போவதால் மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதியிருந்தார்.

மதியழகன் மகிழ்ந்துபோனார். "கோப்பு முடிஞ்சுது குமாரசாமி! இன்னைக்கே உங்களை விடுவிச்சுடறேன்."

குமாரசாமி திரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இன்னும் நாப்பத்தொண்ணு இருக்குதுங்க சார்."

"அதான் கோப்பு முடிஞ்சுதே?"

"கோப்பு முடிஞ்சுதுங்க. ஓலை போய்ச் சேரலீங்களே."

யாரும் கேட்காத ஒரு வேலையை அந்த அலுவலகத்தில் ஒருவர் செய்து முடிக்க முன்வந்தது அதுவே முதல் முறை. மதியழகன் விடுவிப்பு உத்தரவில் கையெழுத்துப் போட்டு, தேதியை மட்டும் காலியாக விட்டு, மேசைமேல் வைத்தார்.

தொண்ணூறாம் நாள் பிற்பகல் மூன்று மணி. குமாரசாமியின் பெட்டி பெஞ்சுக்கு அடியில் தயாராக இருந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. டொகிச்சி ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு பனிமலைக் கோட்டையை அடைந்தான். வாயிற்காவலன் ஓலையை வாங்கினான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"பிரபு நேற்றே வேறு மலைக்கு மாற்றலாகிப் போய்விட்டாரே," என்றான்.

திரை இருண்டது. தொடரின் இரண்டாம் பருவம் ஜப்பானிய மொழியில் மட்டும் கிடைக்கும் என்று எழுத்து ஓடியது.

கூடத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "நேத்தேவா?" என்றார் குமாரசாமி. "அவருக்கு மட்டும் எப்படிங்க சார் உடனே விடுவிப்பு கெடச்சுது?"

"செல்வாக்குள்ள ஆளா இருக்கும்," என்றார் மதியழகன். எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"இத இப்படியே உடக் கூடாது," என்று எழுந்தார் சௌந்திரம். "ரெண்டாவதையும் தமிழ்ல போடச் சொல்லி மனு எழுதணும். யாராச்சும் எழுதிக் குடுங்க."

முறைப்படி மனு எழுதத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். ஆத்திரத்தில் குமாரசாமியின் பேனா தானாக ஓடியது. முதல் கையெழுத்தும் அவருடையதே. பட்டாவுக்கு வந்தவர்களும் வாரிசுச் சான்றுக்கு வந்தவர்களும் தங்கள் மனுக்களைச் சட்டைப்பைக்குள் மடித்துவிட்டு வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் இருநூற்று ஆறு பேர்.

மதியழகன் மனுவை வாங்கிப் பதிவெண் கொடுத்தார். யாரிடம் ஒப்படைப்பது என்று அதிகம் யோசிக்கவில்லை. அறுநூற்று நாற்பத்து மூன்றையும் முழுமையாக ஆய்வு செய்த உதவியாளர் ஒருவர்தானே இருக்கிறார்? 'குமாரசாமி, தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதினார். பிறகு நிலுவைக் கோப்புள்ளவரை விடுவிக்க விதியில் இடமில்லாததால், மேசைமேல் இருந்த உத்தரவை எடுத்து அந்தக் கோப்புக்குள்ளேயே பத்திரமாக வைத்தார்.

கூட்டு மனு என்றால் முதல் கையெழுத்துப் போட்டவரை நேரில் விசாரிக்க வேண்டும். குமாரசாமி விதிப்படி குமாரசாமிக்கு நோட்டீஸ் அனுப்பினார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மனுதாரர் வந்து நின்றார். உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் வரச் சொன்னார்.

மனுதாரர் மறுபேச்சில்லாமல் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.