பக்கத்தடியில் நாலு வரி வெள்ளை

இதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. எந்தப் புத்தகத்தின் மேல் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்யலாம்.

அந்த மாதப் பத்திரிகைக்கு டாக்டர் எழுதிய மூட்டுவலிக் கட்டுரை, ஒரு பக்கத்துக்கு நாலு வரி குறைந்துவிட்டது. பக்கத்தடியில் வெள்ளை பல்லிளித்தது. போன மாதமே ஆசிரியர் உதவியாசிரியரைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொல்லியிருந்தார்: "இன்னொரு தரம் பக்கத்துல வெள்ளை தெரிஞ்சா, நீங்க வீட்டுலேயே உக்காந்து பத்திரிகை படிக்கலாம்."

பக்கம் கட்டும் அக்கா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் வழி சொன்னாள். "ரெண்டு உபதலைப்பு போடுங்க தம்பி. ஒவ்வொண்ணும் ரெண்டு வரி இடம் பிடிக்கும்."

'ஏன் வலிக்கிறது?' என்று ஒன்றும், 'எங்கே வலிக்கிறது?' என்று ஒன்றும் போட்டார். பக்கம் நிரம்பியது. ஆனால் இரண்டு பத்தியாகப் பிரிந்த அந்தப் பக்கத்தில், இரண்டாவது உபதலைப்பு இடப்பக்கப் பத்தியின் அடியில் போய்த் தனியாக நின்றது. உபதலைப்புக்குக் கீழே இரண்டு வரியாவது இருக்க வேண்டும் என்பது அந்த அலுவலகத்தில் மீற முடியாத சட்டம். அதை அடுத்த பத்திக்குத் தள்ள, மேலே 'எப்போது வலிக்கிறது?' என்று இன்னொன்றைச் செருகினார். கட்டுரை இரண்டு வரி வழிந்தது. ஒரு பாராவை வெட்டினார். ஐந்து வரி குறைந்தது. 'இன்னுமா வலிக்கிறது?' போட்டார். அதுவும் அடியில் போய் நின்றுகொண்டது.

"இன்னொரு பாரா வெட்டட்டுமா அக்கா?"

"வெட்டினா அதுக்கு மூணு உபதலைப்பு எழுதணும். கைவசம் சரக்கு இருக்கா?"

இருந்தது. மத்தியானத்துக்குள் 'எழுந்திருங்கள்', 'நடங்கள்', 'மெதுவாக', 'போதும்' என்று பத்தொன்பது உபதலைப்புகள் வரிசைகட்டி நின்றன. கட்டுரையில்தான் ஒரு வரிகூட மிச்சமில்லை. ஒவ்வொரு உபதலைப்புக்குக் கீழேயும் இரண்டு வரி அளவுக்கு இன்னொரு உபதலைப்பு இருந்ததால் சட்டத்துக்குப் பங்கமில்லை. ஆசிரியர் பக்கத்தின் அடியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

இதழ் வந்த மறுநாள் டாக்டர் படியேறி வந்தார். ஒரு காற்புள்ளியை எடுத்ததற்கே வழக்குப் போடுவேன் என்று குதித்த மனிதர். உதவியாசிரியர் மேஜைக்கடியில் புகுந்து, விழாத பேனாவைத் தேடத் தொடங்கினார்.

டாக்டரும் குனிந்தார். உள்ளே கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "முப்பது வருஷமா எழுதறேன் சார். என் வீட்டம்மா என் கட்டுரையைக் கடைசி வரைக்கும் படிச்சது இதுதான் முதல் தடவை. காலையில எழுந்து நடக்கக்கூட ஆரம்பிச்சுட்டா."

உதவியாசிரியருக்குப் போன உயிர் திரும்பியது.

நம்பாதவர்கள் அந்த இதழையே வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பத்திரிகையின் முதல் இதழ் அடுத்த வருஷம் வெளிவருகிறது.