முப்பத்தெட்டு பாஸ், மீதி ரிஜெக்ட்

திருப்பூரில் எடை போடாமல் எதையும் நம்பாத ஒரே ஜீவன் எங்கள் ஜி.எஸ்.எம். அண்ணன்தான். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைத்தான் பனியன் கம்பெனிகளில் ஜி.எஸ்.எம். என்போம். வேலம்பாளையத்தில் நாங்கள் இருவரும் இருக்கும் கம்பெனியில் அதைச் சோதிப்பது அவர் வேலை. அதை அவர் கம்பெனியோடு விட்டிருந்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்திருக்காது. கல்யாணப் பந்தியில் இரண்டு அப்பளத்தைத் தூக்கிப் பார்த்து, "ரெண்டும் ஒரே லாட்டு இல்லீங்க, எடை வேற வேறயா இருக்குது" என்று பரிமாறியவரிடமே திருப்பிக் கொடுத்த மனிதர்.

நாற்பத்தாறு வயதில் எனக்கு ஏர் ரைபிள் ஆசை வந்து கிளப்பில் சேர்ந்தேன். "கொசு அடிக்கவே குறி தப்புது, இவரு மெடல் வாங்கப் போறாராமா!" என்றாள் மனைவி. மாவட்டப் போட்டியில் தகுதி மதிப்பெண் எடுத்து, அந்தச் சான்றிதழை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஈயக் குண்டுகளை எடை பார்த்துப் பிரித்தால் குறி பிசகாது என்று கிளப்பில் யாரோ சொன்னார்கள். புதிதாகக் கற்பவன் எந்தத் தராசு வாங்கலாம் என்று, புத்தி கெட்டுப்போய், அண்ணனிடம் கேட்டேன்.

மூன்று வாரம்! நகைத் தராசு விற்கும் ஒரு கடையையும் விடவில்லை. ஒரு கடையில் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரே குண்டைப் பதினோரு தடவை வைத்து எடுத்தார்.

"ஏனுங்க, தங்கம் வாங்கறவங்ககூட இப்படிப் பாக்கறதில்லீங்களே!" என்றார் கடைக்காரர், வியர்த்து வழிந்தபடி.

"தங்கத்தை யாருங்க சுடப் போறாங்க?" என்றார் அண்ணன்.

கடைசியில் எந்தத் தராசும் தேறவில்லை. "டப்பாவை எங்கிட்டக் குடுங்க தம்பி. கம்பெனித் தராசுல நானே பாத்துத் தர்றனுங்க." ஐந்நூறு குண்டுகள் உள்ள டப்பாவைக் கொடுத்துத் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போட்டி. எழுபத்தைந்து நிமிடத்தில் அறுபது முறை சுட வேண்டும். அண்ணன் ஒரு பாலித்தீன் பையை நீட்டினார். மேலே 'பாஸ்' ஸ்டிக்கர். உள்ளே முப்பத்தெட்டே குண்டுகள்.

"மீதி எங்கண்ணா?"

"ரிஜெக்டுங்க. கம்பெனில சிவப்புப் பொட்டியில போட்டுப் பூட்டிட்டனுங்க. ரிஜெக்டு பாஸோட கலந்தா ஆடிட்ல என்ன ஆகுமுன்னு உங்களுக்குத் தெரியாததா?"

தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவரிடம் குண்டு கடன் கேட்கலாமென்றால், "ஐயோ, லாட்டு மாறிப் போயிருமுங்க" என்று அதையும் கெடுத்தார். "இருங்க, நானே போயி எடுத்தாறனுங்க" என்று மொபெட்டில் பறந்தார்.

போட்டி தொடங்கி, முப்பத்தெட்டும் தீர்ந்தன. துப்பாக்கியை வைத்துவிட்டு வாசலையே பார்த்து நின்றேன். பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது ஓடி வந்தார். கையை நீட்டினேன். டப்பாவைத் தரவில்லை, ஒரு தாளைத் தந்தார்.

"ரிஜெக்டை ஒத்துக்கறேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க தம்பி."

"அண்ணா, டைம் போகுதுங்ண்ணா!"

"போட்டீங்கன்னா குடுத்தர்றனுங்க."

போட்டேன். தேதியும் போடச் சொன்னார். அதையும் போட்டு டப்பாவைப் பிடுங்கி, பாக்கி இருபத்திரண்டையும் மடமடவென்று சுட்டுத் தள்ளினேன்.

இரண்டே இரண்டு மதிப்பெண் குறைந்தது. சான்றிதழ் போச்சு. மனைவி முகத்தில் எப்படி முழிப்பது? இன்றைக்கு இந்த ஆளை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவது என்று திரும்பினேன். அவர் என் இலக்கு அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ரிஜெக்டுதானுங்க நடுவுல பத்து மார்க் வட்டத்துல ஜாஸ்தி விழுந்திருக்குது." குரல் இறங்கியிருந்தது. "நீங்க செரியாத்தான் சுட்டிருக்கறீங்க. என்ற செக்கிங்குதான் தப்புங்க. நானே ஊட்டுக்கு வந்து அம்மிணிகிட்டச் சொல்லிப்போடறேன்."

வந்தார். என் மனைவி முன்னால் கையைக் கட்டி நின்று, "தோத்தது தம்பி இல்லீங்க, நானுங்க" என்றார். அவள் அவருக்குக் காபி போடப் போனாள். எனக்கும் திட்ட மனசு வரவில்லை. எனக்காக ஐந்நூறு குண்டையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க, இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

போன வாரம் புது டப்பா வாங்கினேன். மூடியைக்கூடத் திறக்காமல் நேராக அண்ணனிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.