ஃப்ரிட்ஜ் அக்காவின் ஆறு அடுக்கு

“நீயா டீச்சரு? உன்னப் பாத்தா சாக்பீசுகூட பயப்படாதேடி!”

கள்ளக்குறிச்சியில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதிக்குள் நான் பெட்டியோடு நுழைந்தபோது ஃப்ரிட்ஜ் அக்கா சொன்ன முதல் வாக்கியம் இது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டும் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டு, அரசு வேலைக்குக் காத்திருந்தவள். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், “நவுரு நவுரு, மோட்டாரு சத்தம் மாறுது” என்று அவர் உள்ளே ஓடிவிட்டார்.

மாற்றல் உத்தரவு வந்ததும் துணிமணியை விட்டுவிட்டு ஃப்ரிட்ஜை மட்டும் கட்டிக்கொண்டு கிளம்பும் அரசு ஊழியர் இந்த நாட்டில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஏதோ ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சொந்த ஊர் திருக்கோவிலூர். அவருடைய பெயரைத் தபால்காரர்கூட மறந்துபோய் “ஃப்ரிட்ஜம்மா, லெட்டரு!” என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெட்டி உறுமத் தொடங்கினால் விடுதியின் குண்டு பல்புகளெல்லாம் மங்கி, நாங்கள் ஏழு பேரும் கொஞ்ச நேரம் நிழல்களாகிவிடுவோம்.

அதற்குள் பால் வைக்க முடியாது. “பால் வெக்கறதுக்கா ஃப்ரிட்ஜு வாங்கனேன்?” பூ வைக்க முடியாது. “வாசன தயிர்ல ஏறிக்கும்.” பிறகு எதற்குத்தான் அது? விருந்துக்கு. விருந்தென்றால் அவருக்கு ஒரே பண்டம்தான்: டாக்கோ டிப்.

பாண்டிச்சேரியில் ஒரு வெளிநாட்டு இன்ஜினீயரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய மனைவி விருந்தாளிகளுக்கு அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறார். அன்று பிடித்த பைத்தியம். ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம். அடியில் வேகவைத்து, பூண்டும் மிளகாயும் சேர்த்து மசித்த காராமணி. அதன்மேல் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்த தயிர். அப்புறம் ஆறிய தக்காளித் தொக்கு. பொடியாக நறுக்கிய வெங்காயமும் வெள்ளரியும். பாண்டியிலிருந்து சொல்லி வரவழைத்த டின் சீஸின் துருவல். உச்சியில் கொத்தமல்லி. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து இறுகினால், கண்ணாடி வழியே பட்டுச்சேலைக் கரை மாதிரி ஆறு பட்டைகள் தெரியும். சின்னசேலத்து மரவள்ளி அப்பளத்தைப் பொரித்து, உடைத்து, ஒரு துண்டை உச்சியிலிருந்து அடிவரை நேராக இறக்கி அள்ள வேண்டும். ஒரே வாயில் ஆறு அடுக்கும் வர வேண்டும். இதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தை விடுதியில் ஒருவரும் மதித்ததில்லை. எங்களுக்கெல்லாம் தட்டில் எது விழுந்தாலும் விரல் தானாகப் பிசையும். ஒருமுறை நர்ஸ் மல்லிகா நல்ல எண்ணத்தோடு அதைச் சுடுசோற்றில் போட்டுப் பிசைந்து, “கொஞ்சம் நெய் உட்டா சூப்பரா இருக்கும்க்கா” என்றாள். அதன்பிறகு அக்கா அவளிடம் ஊசி போட்டுக்கொள்வதையே நிறுத்திவிட்டார்.

அந்த வருஷம் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் மாவட்டம் முழுக்கப் போராட்டம். பஸ் ஓடினால் அதிசயம், தபால் வந்தால் அதைவிட அதிசயம். அப்படித் தாமதித்து ஒரு சனிக்கிழமை வந்தது என் அரசு வேலை உத்தரவு. கல்வராயன் மலையில் ஒரு பள்ளி. திங்கட்கிழமை மாலைக்குள் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு.

அக்கா உடனே ஞாயிறு மாலை எனக்கு வழியனுப்பு விருந்து என்று அறிவித்துவிட்டுக் காராமணியை ஊறப்போட்டார். ஞாயிறன்று பகல் முழுக்க மின்சாரம் இல்லை. “இன்னும் இறுகல. ஒருத்தியும் கிட்ட வராதீங்க!” விருந்துக்கு வந்தவர்கள் உப்புமா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ராத்திரிதான் கரண்ட் வந்தது. திங்கள் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஆறு அடுக்கும் சிலை மாதிரி நிற்கின்றன. நான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

“உனக்குப் பண்ணது. நீ போனப்புறம் இவளுங்க பெசஞ்சி துன்றதுக்கா? நானும் வரேன். அங்க போயி நீ கையெழுத்தப் போடு, அடுத்த நிமிஷம் துன்னு.”

அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, சோடாக் கடையில் ஐஸ் வாங்கி, கிண்ணத்தை ஈரச்சாக்கில் சுற்றி, பொரித்த அப்பளப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம், மலையிலிருந்து இறங்கி வந்த இன்னொரு ஜீப் மாட்டிக்கொண்டு நின்றது.

“திரும்பிப் போங்கம்மா. இன்னிக்கு ஒரு வண்டியும் தாண்டாது,” என்றார் தலையில் துண்டு கட்டிய பெரியவர்.

“வண்டிய யாருங்க தாண்டச் சொன்னது? எங்க ரெண்டு பேரத் தாண்ட உடுங்க. ஐஸு கரையுது.”

“மடியில இன்னா அது?”

அக்கா சாக்கை விலக்கினார். காலையிலிருந்து வெயிலில் கிடந்தவர்கள் சுற்றிலும் கூடிவிட்டார்கள். “ஆளுக்கு ஒரு வாய் துன்னுட்டு வழி உடுங்க” என்று அக்கா மரத்தின்மேல் உட்கார்ந்து அப்பளப் பையைப் பிரித்தார். ஓர் இளைஞன் கிண்ணத்தை உற்றுப் பார்த்தான்.

“இதுல எந்த அடுக்கு எங்களுதுக்கா? எத்தினி சதவீதம்?”

“மேலேர்ந்து அடிவரைக்கும் ஒரே குத்தா குத்துடா. எல்லாத்துலயும் பங்கு வரும்.”

மரமே சிரித்தது. ஆனால் சிரித்துக்கொண்டே பெரியவர் கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலாக நன்றாகப் பிசைந்துவிட்டார்.

“அய்யோ! பெசையாதீங்க!”

“பெசையாம எப்பிடிம்மா துன்றது?”

பட்டைகள் போய், இளஞ்சிவப்பாக ஒரு கூழ் நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அதைப் பெரியவர் கவனித்துவிட்டார்.

“அப்பிடி இன்னா அவசரம் பாப்பா?”

நான் வாய் திறக்குமுன் அக்கா எழுந்தார். “இவ டீச்சரு. இன்னிக்கு சாய்ந்தரத்துக்குள்ள கையெழுத்துப் போடலன்னா வேல போச்சு.”

“வேல கேட்டுத்தான நாங்களும் ரோட்டுல குந்திக்கினு கீறோம்?”

“வராத வேலைக்கி நீங்க மரம் வெட்டுறீங்க. வந்த வேலைய இவ உடணுமா? இவ வூட்ல இவதான் மொத ஆளு. தெரியுமா உங்களுக்கு?”

என்னைப் பற்றி அவர் அப்படிப் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை. பெரியவர் வாயிலிருந்ததை மென்று முடித்தார். மரத்தை நகர்த்த மாட்டோம் என்றார். ஆனால், அந்தப் பக்க ஜீப் வந்த வழியே திரும்பிப் போனால் அது தாண்டினதாகாது என்றும் சொன்னார். கிளைகளுக்கு நடுவே ஆளுக்கு ஒரு கை கொடுத்து முதலில் கிண்ணத்தையும், பிறகு அக்காவையும், கடைசியில் பெட்டியோடு என்னையும் இறக்கிவிட்டார்கள்.

அந்த ஜீப் திரும்பி ஏறிய மலைப்பாதையின் வளைவு ஒன்றில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அக்கா கிண்ணத்திலிருந்து ஒரு விரல் வழித்து நக்கினார். நான் பார்ப்பதைக் கண்டதும் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“பெசஞ்சாலும் நல்லாத்தான்டி கீது. மல்லிகாகிட்ட சொல்லிடாத.”

தலைமையாசிரியர் பள்ளியைப் பூட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். நான் கையெழுத்துப் போடும்வரை அக்கா வாசற்படியிலேயே நின்றார். எட்டிப் பார்த்து, “பேர முழுசா எழுதுடி,” என்றார்.

அடுத்த மாதம், ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணை மறுபடியும் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி, அவளுடைய அப்பாவிடம் பேசப் புறப்பட்டேன். பிடிவாதக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, முதல் பஸ்ஸில் ஃப்ரிட்ஜ் அக்காவை வரவழைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.