கொம்பில்லாத காண்டாமிருகமும் செம்பட்டி விருந்தும்

இந்தத் தடவை என் பெண்டாட்டி அய்யம்மாளிடம் நானாக வாயைத் திறப்பதில்லை என்று சபதம் போட்டேன்.

காரணம் அவள் தம்பி ஒச்சப்பன். தன் மகள் காதுகுத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தவன். கறி தீர்ந்து எலும்புதான் இலையில் விழுந்தது. அந்த எலும்பு இன்னும் என் நெஞ்சில் குத்துகிறது. இப்போது செம்பட்டியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறானாம். நான் போவேனா?

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. சண்டைக்குப் பிறகு முதலில் பேசியவர்தான் தோற்றவர். நான் பேசினால் செம்பட்டிக்குப் போக வேண்டும். அவள் பேசினால் வேண்டாம்.

அதுவரை அவள் சோற்றுப் பானையிடம் பேசுவாள். "பசிச்சவுக வந்து திங்கலாம்."

நான் தண்ணீர்ச் செம்பிடம் பேசுவேன். "வெஞ்சனத்துல உப்பு பத்தல."

மகன் திருப்பூரில். என்னோடு மண்டியில் வெங்காய மூட்டை தூக்கியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் டிவிதான் வாய்விட்டுப் பேசும்.

அதில்தான் அன்றைக்கு அதைக் காட்டினான். கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தின காண்டாமிருகம். கொம்பே கிடையாது. மாடி வீட்டு உயரம். எடையை டன்னில் சொன்னான். நான் மூட்டையாக்கிப் பார்த்தேன். முந்நூறு மூட்டை வெங்காயம் நாலு காலில் நடந்து போகிறது! அம்புட்டு உடம்பை வைத்துக்கொண்டு ஒண்டியாகவே திரிந்திருக்குமாம்.

யாரிடமாவது சொல்ல வேண்டும். அய்யம்மாளோ டிவியைப் பார்க்காதவள் மாதிரி அரிசியில் கல் பொறுக்கினாள். செம்பிடம் சொன்னேன். செம்பு என்ன செய்யும்?

மறுநாள் காலை கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அய்யம்மாள் சுவர் ஓரம் நின்று பக்கத்து வீட்டு மூக்காயியிடம் ஆரம்பித்தாள்.

"ஏக்கா, நேத்து டிவியில ஒரு மிருகம். நம்ம யானையெல்லாம் அதுக்குக் குட்டி."

"அம்புட்டுப் பெருசா?"

"ஆமாக்கா. மூக்கு மேல கொம்பு மட்டும் தென்னமரம் ஒசரம்."

பல்லைக் கடித்தேன்.

"ஒத்தக் கொம்பா?"

"ரெண்டுக்கா. மானு, புலின்னு குத்திக் குத்தித் திங்கும்."

"ஏ கூறுகெட்டவளே! அதுக்குக் கொம்பே இல்லடி! அது எலை திங்கிற சீவன்டி!"

மூக்காயி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீ சொன்ன மாதிரியே மாட்டிக்கிட்டாரே!"

அய்யம்மாள் நிதானமாக என் பக்கம் திரும்பினாள். "பேசிட்டீகள்ல? வேட்டிய மாத்துங்க. செம்பட்டி பஸ்ஸு வந்துரும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கே கொடுத்தாள். தோற்றாலும் பரவாயில்லை, பேச ஆள் கிடைத்ததே என்று அதன் கழுத்தைச் சொன்னேன், காலைச் சொன்னேன், ஒண்டியாகத் திரிந்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.

"நானுந்தான் பாத்தேன். செத்த நேரம் பேசாம வாங்க" என்றாள்.