மெல்வினுக்கு எந்த இதழ்?

சவப்பெட்டி திறந்திருந்தது. உயிரோடு இருந்தபோது ஒருநாளும் இல்லாத ஒழுங்கோடு, நீலக் கோட்டும் டையுமாக மெல்வின் அதில் படுத்திருந்தார். டுவேன் இந்த மாத இதழைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியருகே நின்றான். உள்ளே வைப்பதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. இன்னும் சற்று நேரத்தில் தேவாலயக் கதவைத் திறந்துவிடுவார்கள்.

அமெரிக்காவின் டுலூத் நகரப் புயல்காவலன் ரசிகர் மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் யார் இறந்தாலும், அந்த மாதம் வந்த புயல்காவலன் காமிக்ஸ் அவரோடு பெட்டிக்குள் போகும். போகிற இடத்தில் கதை விட்டுப்போகக் கூடாது என்பது ஏற்பாடு. மன்றத் தலைவராக இருந்து அதை ஏற்படுத்தியவரே மெல்வின்தான். இதுவரை யாரை அனுப்பியபோதும் சிக்கல் வந்ததில்லை.

இந்த முறை சிக்கல் அட்டைப்படத்தில் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக மழையையும் மின்னலையும் அடக்கி, மாதத்துக்கு ஒரு பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்த புயல்காவலன், அட்டை முழுக்க மைலோ என்ற தாடிக்கார இளைஞனை முத்தமிட்டுக்கொண்டிருந்தான். மைலோ காபிக்கடை நடத்துபவன். கதைக்குள் வந்தே சில மாதங்கள்தான் ஆகின்றன.

இந்த முத்தச் செய்தி வந்த அன்றே மன்றம் இரண்டாக உடைந்தது. மிச்சமிருந்ததே நான்கு பேர் என்பதால் உடைவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. இரும்புக்கடை வெர்ன் ஒரு பக்கம். பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் கிரெட்சன் மறுபக்கம். பள்ளிப் பேருந்து ஓட்டும் டுவேன், யார் பேசினாலும் தலையாட்டிக்கொண்டு நடுவில். மெல்வின் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே போய், சிறுவயதிலிருந்து கட்டிவந்த சந்தாவைக் கடையில் நிறுத்திவிட்டு வந்தார். ஏன் என்று கேட்பதற்குள் மாரடைப்பு வந்துவிட்டது.

மனைவி விட்டுப்போன பிறகு டுவேனுக்கு மெல்வினை விட்டால் நண்பர் என்று யாரும் இல்லை. அவருக்குச் செய்யும் கடைசிக் காரியம் இது. அதில் அவர் மனசுக்கு ஒவ்வாததைச் செய்துவிடக் கூடாது. அவன் கவலை அவ்வளவுதான். ஆனால் அவர் மனசு என்னவென்று சொல்ல அவரால் ஆகாது.

டுவேன் மூச்சை இழுத்துப் பிடித்து, இதழை மெல்வினின் மார்பில் வைத்தான்.

“எடு அதை” என்றார் பின்னாலிருந்து வெர்ன். கறுப்புச் சூட் அவருக்கு வயிற்றருகே பிடித்தது. “மனுஷன் சந்தாவையே நிறுத்திட்டுப் போயிருக்காரு. செத்த பிறகு நெஞ்சு மேல கொண்டுபோய் வைக்கிறியே, உனக்கே நல்லாருக்கா?”

“வழக்கம்னா வழக்கம்” என்றாள் கிரெட்சன். கைக்குட்டை நனைந்திருந்தது. குரல் மட்டும் கறாராக இருந்தது. “அவரே போட்ட சட்டம் அது. இந்த மாச இதழ்னா இந்த மாச இதழ்தான். உனக்குப் பிடிச்சதுதான் வைக்கணும்னா நீ செத்ததும் வச்சுக்கோ.”

“சவப்பெட்டி பக்கத்துல நின்னு பேசுற பேச்சா இது?”

“நீதான ஆரம்பிச்ச?”

டுவேன் இதழைக் கவிழ்த்து வைத்தான். முத்தம் மறைந்தது. பின்னட்டையில் வியர்வை நாற்றம் போக்கும் தைலத்தின் விளம்பரம் இருந்தது. ஒருவன் கையைத் தூக்கி அக்குளைக் காட்டிச் சிரித்தான். மெல்வினின் மோவாய்க்கு நேர் கீழே அந்த அக்குள் வந்து அமைந்தது.

மூவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்கள்.

“இப்படியா அனுப்புறது அவரை?” கிரெட்சனுக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது.

“நானும் சொல்லிடறேன், அந்த முத்தத்துக்கு இது தேவலாம்” என்றார் வெர்ன். பிறகு கோட்டுக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிய ஒரு பழைய இதழை எடுத்தார். அட்டையில் புயல்காவலன் தன் காதலி ரோசலினின் விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டிருந்தான். “என்கிட்ட இருக்கிறதுலயே உசத்தி இதுதான். மெல்வினுக்காகத் தரேன். வை.”

வெர்ன் அதைத் தந்தது பெரிய விஷயம். டுவேனுக்கு அது புரிந்தது. கிரெட்சனுக்குப் புரியவில்லை.

“அந்தக் கல்யாணமே கனவுன்னு அடுத்த இதழ்ல சொல்லிட்டாங்களே!”

“கனவா இருந்தா என்ன? மோதிரம் மோதிரம்தான்.”

“அதுக்கு முன்னாடி ஒருத்தி. அவ இயந்திரம். அதுக்கும் முன்னாடி ஒருத்தி. அன்னிக்கு இவனுக்கு யாரோ வசியம் வச்சிருந்தாங்க. சுயநினைவோட ஒரு பொண்ணைத் தொட்டிருக்கானா இவன்? சொல்லு பாப்போம். காப்பாத்துவான், கீழ இறக்கி விடுவான், பிராடியோட விமானத்துல ஏறிப் போய்ட்டே இருப்பான்.”

“பிராடி விமானம் ஓட்டுற ஆளு. அவனை எதுக்கு இதுல இழுக்குற?”

“நான் எங்க இழுத்தேன்? நான் மைலோவைப் பத்திப் பேசறேன்.”

டுவேன் சுற்றிலும் பார்த்தான். கூடத்தின் கடைசி வரிசையில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மெல்வின் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஆர்லன். பியானோக்களுக்குச் சுருதி கூட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதன்கிழமைகளில் மன்றம் கூடும்போது காபியும் எலுமிச்சைக் கேக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே போய்விடுவார். முன்வரிசைகளைக் குடும்பத்துக்கு என்று ஒதுக்கி, நாற்காலிகளில் காகிதம் ஒட்டியவன் டுவேன்தான். ஆர்லன் காகிதத்தைப் படித்துவிட்டுப் பின்னால் போயிருந்தார்.

“ஆர்லனைக் கேட்டா என்ன?” என்றான் டுவேன் மெதுவாக. “ஒரே வீட்டுல இருந்தவரு.”

“ஆர்லனுக்கு என்ன தெரியும்?” என்றார் வெர்ன். “காமிக்ஸைத் தொட்டுக்கூடப் பாக்காத மனுஷன்.”

“பாவம், அவரைத் தொந்தரவு பண்ணாத” என்றாள் கிரெட்சன். இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே கருத்து.

வேறு வழியின்றி டுவேன், சமாதானம் செய்யப்போகிறவர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தான். இரண்டு பேருக்கும் வேறு வேறு பொய் சொன்னான். வெர்னிடம், “உன்னோடதுதான் உள்ள போகுது, கவலைப்படாத” என்றான். கிரெட்சன் காதில், “புதுசை அதுக்குள்ள சொருகிடறேன், வெளிய தெரியாது” என்றான். இரண்டு பேரும் வெற்றி முகத்தோடு திரும்பி நின்றார்கள். அவன் பழைய இதழின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, புதியதை உள்ளே தள்ளினான்.

சர்ரென்று ஒரு சத்தம்தான். வெர்ன் சூடு பட்டவர்போலத் திரும்பினார்.

“உறையைப் பிரிச்சியா நீ?”

“புதைக்கத்தானே குடுத்த?”

“புதைச்சாலும் பிரிக்காமப் புதைக்கணும்யா! அச்சகத்துல இருந்து வந்த நாள்லேந்து காத்துப் படாத இதழ் அது!” அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகுதான் உள்ளே பாதி சொருகியிருந்த மைலோவின் தாடியைக் கண்டார். “இது என்ன? என் ரோசலினுக்குள்ள இவனை வச்சு அனுப்பப் பாத்தியா?”

“ரகசியமும் வேணாம், ஒண்ணும் வேணாம்!” என்று கிரெட்சனும் பாய்ந்தாள். “இத்தன வருஷம் புயல்காவலன் ஒளிஞ்சிருந்தது போதாதா? இங்கயும் ஒளிச்சு வைக்கணுமா அவனை?”

வெர்ன் இதழின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். கிரெட்சன் மறுமுனையைப் பிடித்தாள். மெல்வினுக்கு மேலே, அவருடைய மூக்கை உரசாத குறையாக, இழுபறி நடந்தது. டுவேன் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு “மெல்வினுக்காகப்பா, மெல்வினுக்காக” என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது ஆர்கன் முழங்கிக் கதவு திறந்தது.

மூவரும் ஒரே சமயத்தில் கையை விட்டார்கள். புதிய இதழ் வழுக்கிப் பறந்து, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே சறுக்கிக்கொண்டு போய், அயோவாவிலிருந்து வந்திருந்த மெல்வினின் அக்கா பெர்னிஸின் காலடியில் நின்றது. முத்தம் மேலே தெரிந்தது.

பெர்னிஸ் குனிந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பாதிரியார் இருமினார். ஆர்கன் வாசித்தவர்கூட ஏதோ நடக்கிறது என்று நிறுத்திவிட்டார்.

“யாரு இவங்க?” என்றாள் பெர்னிஸ், அட்டையைக் காட்டி.

டுவேனுக்கு மெல்வின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை. ஒரே ஒரு நண்பர், அவருடைய கடைசிக் காரியத்தையும் கூத்தாக்கிவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஆர்லன் எழுந்து வந்தார். முழங்காலில் கை ஊன்றி மெல்லக் குனிந்து இதழை எடுத்தார். அட்டையில் ஒட்டிய தூசியைக் கோட்டுக் கையால் துடைத்தார். பெட்டியருகே வந்து, வெர்னின் இழுப்பில் கோணிப்போயிருந்த மெல்வினின் டையைச் சரிசெய்தார்.

“மன்னிச்சிடுங்க ஆர்லன்” என்றான் டுவேன். குரல் உடைந்தது. “அவரு மனசுல என்ன இருந்துதுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்காவது தெரியுமா? இதை வைக்கலாமா, கூடாதா?”

ஆர்லன் அட்டையை இன்னொரு தடவை பார்த்தார்.

“வைக்காதே டுவேன். அவனுக்கு இது ஆகாது.”

“நான் சொன்னேன்ல!” என்றார் வெர்ன், இடம் மறந்து.

ஆர்லன் அவர் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

“அவன் சந்தாவை நிறுத்தினது முத்தத்துக்காக இல்ல வெர்ன். ஆரம்பத்துலேந்து பக்கத்து சீட்லயே உக்காந்து விமானம் ஓட்டின பிராடி இருக்கறப்ப, நேத்து வந்த காபிக்கடைக்காரனை ஜோடி சேத்துட்டாங்களேன்னுதான். ‘காலம் பூரா கூடவே இருந்தவன் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியலியே ஆர்லன்’னு என் மடியில தலை வச்சு அழுதான்.”