எந்தத் தோட்டாவும் பிடிக்காத துப்பாக்கி

காணிக்கைத் தட்டில் நான் போட்டது சில்லறை என்றுதான் நினைத்தேன். 'டங்' என்று சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது, பைக்குள் என் கையில் அகப்பட்டது தோட்டா என்று.

தட்டு பித்தளை. தோட்டாவும் பித்தளை. அது போட்ட இடத்தில் சும்மா கிடக்குமா? விளிம்பை ஒட்டிக் கடகடவென்று ஒரு முழுச் சுற்று சுற்றியது. போதகர் அப்போது உலக சமாதானத்துக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்ததால் அத்தனை பேருக்கும் நன்றாகக் கேட்டது.

பக்கத்தில் லவோனா, என் மனைவி, கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "என்ன போட்டே?"

"காணிக்கை."

"உன் துப்பாக்கிக்குப் பிடிக்காததை எல்லாம் ஆண்டவர் தலையில கட்டறியா?"

ஆராதனை முடிந்ததும் எமெட் என்னைத் தூணோரமாக இழுத்துக்கொண்டு போனான். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு ஒருவராகக் காவல் நிற்போம். சட்டையில் சபைச் சின்னம், கால்சட்டைப் பையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துப்பாக்கி. காவலுக்குத் தலைவன் எமெட். ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவனும் அவனே.

"பிரதர் ஆர்வில், தட்டுல தோட்டா எதுக்கு?"

"பல தினுசு வாங்கிப் பையில வச்சிருந்தேன், எமெட். எது இதுக்கு ஒத்துக்குதுன்னு பாக்கறேன்."

"இன்னுமா சிக்குது?"

"மூணு சுட்டா ஒண்ணு சிக்குது."

எமெட் தாடியைத் தடவினான். "ஏப்ரல்ல காவல்காரங்களுக்குச் சுடற பரீட்சை. இந்த வருஷம் சபையோட இன்சூரன்ஸ்காரன் நேர்லயே வந்து நிக்கப்போறான். ரெண்டு தடவை சிக்கினா வாசல் கிடையாது. போன வருஷம் மாதிரி நான் வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியாது, பிரதர்."

என் வாசல் கிழக்கு வாசல். தீவன ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த மிசூரி மாநிலத்திலேயே என்னை எதிர்பார்க்கும் இடம் அது ஒன்றுதான். ஐடா மே கிழவி நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். நான் கதவைப் பிடித்துக்கொள்வேன். "இன்னைக்கு யாரையாவது சுட்டியா?" என்பாள். "இனிமேதான், உள்ளே போங்க" என்பேன். கதவு பிடிக்கத் துப்பாக்கி எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். துப்பாக்கி இருந்தால் அதற்குப் பெயர் காவல். இல்லாவிட்டால், போக்கிடம் இல்லாத ஒரு கிழவன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான்.

அதனால் திங்கட்கிழமையே எமெட்டின் கடைக்குப் போனேன். கடையில் காபி இலவசம். ஆலோசனை அதைவிட மலிவு. லெஸ்டரும் இன்னும் இரண்டு கிழவர்களும் காலையிலிருந்தே அங்கே உட்கார்ந்திருப்பார்கள். கல்லாவில் ட்ரூடி. பின்கட்டில் சுட்டுப் பழகும் இடத்தையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"குழி மூக்குத் தோட்டாவா போடறே?" என்றான் லெஸ்டர். "சின்னத் துப்பாக்கிக்கு அது தொண்டையில நிக்கும். உருண்டை மூக்கு போடு."

"உருண்டை மூக்கும் நிக்குது."

"அப்ப சப்பை மூக்கு."

"அதுவும் ஆச்சு."

"எந்த நாட்டு சரக்கு?"

"செர்பியா."

"அதான் விஷயம்! அவன் வெடிமருந்தைக் கொஞ்சம் தூக்கலா போடுவான். நம்ம நாட்டுது வாங்கு."

நம் நாட்டுச் சரக்கு வாங்கினேன். இரண்டு சுட்டால் ஒன்று சிக்கியது. போய்ச் சொன்னேன்.

"நம்மாளு மருந்தைக் குறைச்சிடறான்பா," என்றான் அதே லெஸ்டர். "நீ செர்பியா போட்டுப் பாரேன்."

என் பிள்ளைகள்கூடச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இத்தனை அடம் பிடித்ததில்லை. இந்தத் துப்பாக்கி ஒரு தோட்டாவை விழுங்காது. இன்னொன்றை விழுங்கும், காலிக் கூட்டைத் துப்பாது. அது புகைபோக்கி மாதிரி துப்பாக்கியின் முதுகில் நட்டுக்கொண்டு நிற்கும், என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

தோட்டா ஏறும் பாதையைப் பளபளப்பாகத் தேய்க்கச் சொன்னார்கள். லவோனாவின் வெள்ளிச் சாமான் துலக்கும் பசையை எடுத்துத் தேய்த்தேன். பாதை கண்ணாடி ஆயிற்று. தோட்டா அதில் முகம் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றது.

எண்ணெய் நிறைய விடச் சொன்னார்கள். விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அது கால்சட்டையின் முன்பக்கம் இறங்கிப் பெரிய வட்டமாகப் படர்ந்தது. ஐடா மே வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"கூச்சப்படாதேப்பா, இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். நீ போயிட்டு வா, கதவை நான் பிடிச்சுக்கறேன்."

அடுத்தது ஸ்பிரிங். எமெட்டே பழையதைக் கழற்றிவிட்டு முரட்டு ஸ்பிரிங் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். துப்பாக்கியின் மேல் பாகத்தைப் பின்னால் இழுத்துவிட்டால்தான் முதல் தோட்டா ஏறும். புது ஸ்பிரிங் என்னிடம் வர மறுத்தது. ஞாயிறுதோறும் சபைக்குப் போகும் வழியில் காரை ஓரங்கட்டி, லவோனாதான் இழுத்துவிட்டாள்.

"ஊறுகாய் ஜாடி, உன் சட்டைப் பொத்தான், இப்ப இதுவா?" என்றாள்.

"ஸ்பிரிங் புதுசு."

"சட்டை பழசுதானே, ஆர்வில்?"

காரைக் கிளப்பினேன். முரட்டு ஸ்பிரிங்கோடு அது முன்னைவிட அதிகமாகச் சிக்கியது.

"ஒரு ரிவால்வர் வாங்கிக்குங்களேன், மிஸ்டர் ஆர்வில்," என்றாள் ட்ரூடி. "அதுல சிக்கற பேச்சே இல்லை."

"அது கிழவனுங்க வச்சிக்கறது."

கடையிலிருந்த கிழவர்கள் மூன்று பேரும் தங்கள் இடுப்பிலிருந்த ரிவால்வரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்திலோ என்னவோ, லெஸ்டர் வாயைத் திறந்தான்.

"சில சமயம், பிடி தளர்ந்துபோனாக்கூட..."

எமெட் கூரையைப் பார்த்தான். மற்ற இருவரும் காபிக்குள் பார்த்தார்கள்.

"என்ன சொன்னே?"

"காபி ஆறிப்போச்சுன்னு சொன்னேன்," என்றான் லெஸ்டர்.

எங்கள் பக்கத்தில் ஒருவனுடைய வண்டி ஓட்டை என்று சொல்லலாம். நாய் சோதா என்று சொல்லலாம். தைரியம் இருந்தால் அவன் மனைவி சுடும் ரொட்டியைக்கூடச் சொல்லலாம். மணிக்கட்டைச் சொல்லக் கூடாது. விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. சுட்டதும் இந்தச் சின்னத் துப்பாக்கிகள் பின்னால் உதைக்கும். கை அசையாமல் நின்றால்தான் அதன் மேல் பாகம் முழுக்கப் பின்னால் போய், காலிக் கூட்டைத் துப்பிவிட்டு, அடுத்த தோட்டாவை ஏற்றும். மணிக்கட்டு தளர்ந்து கூடவே போனால் பாதி வழியில் சிக்கிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். மற்றவர்கள் விஷயத்தில்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் குமுறித் தீர்த்தேன். "என் கை தளர்ந்திருச்சாம்! தீவன மூட்டை தூக்கின கை இது!"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே முள்கரண்டி கீழே விழுந்தது. அதில் வெண்ணெய் பட்டிருந்தது. வழுக்கும்தானே?

லவோனா அதை எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"சனிக்கிழமை நான் சுட்டுப் பாக்கறேன்," என்றாள். "என் கை மாவு பிசையற கை, அதுல ஒரு கோளாறும் இல்லை. எனக்கும் சிக்கினா துப்பாக்கிதான் கெட்டது. சரிதானே?"

"எனக்குச் சிக்கி உனக்குச் சிக்கலைன்னா?"

"சனிக்கிழமை வரட்டும்."

சனிக்கிழமை வந்தது. பின்கட்டில் லவோனா காதை மூடிக்கொண்டு, காலை அகட்டி நின்றாள். முதல் குண்டு இலக்கின் நடுவில் போய் விழுந்தது. துப்பாக்கி சிக்கவில்லை. இரண்டாவது சுட்டாள். புகைபோக்கி! சரிசெய்துவிட்டுச் சுட்டாள். மறுபடியும் புகைபோக்கி!

என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"பார்த்தியா? பாழாப்போன துப்பாக்கி," என்றாள் என் தோளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு.

"பாழாப்போனதேதான்!" என்றேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ட்ரூடி முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான், எனக்கு உடம்பெல்லாம் வாய் முளைத்துவிட்டது. துப்பாக்கியைச் செய்தவர்களுக்கே திருப்பி அனுப்பினேன், கூடவே திட்டும். சில நாளில் அங்கிருந்து ஒரு பையன் போனில் கூப்பிட்டான்.

"சார், உங்க ஸ்பிரிங்கை எடுத்துட்டு எங்களோடதையே திரும்பப் போட்டிருக்கோம். குழி மூக்கு, உருண்டை மூக்கு, எல்லாமே சுட்டுப் பார்த்தாச்சு. ஒண்ணுகூட சிக்கலை."

"யாரு சுட்டது?"

"இங்க வேலை செய்யற ஒரு பொண்ணு, சார்."

"அப்ப துப்பாக்கியோட அந்தப் பொண்ணையும் சேர்த்து அனுப்பு. இங்க எனக்கும் சிக்குது, என் சம்சாரத்துக்கும் சிக்குது!"

பெண்ணை அனுப்பவில்லை. துப்பாக்கி மட்டும் வந்தது, பரீட்சைக்கு முந்தின நாள்.

பரீட்சையில் முதல் சிக்கல் வந்தபோது இன்சூரன்ஸ்காரர் தொண்டையைச் செருமினார். இரண்டாவது வந்தபோது செருமக்கூட இல்லை.

"துப்பாக்கி சரியில்லை, பிரதர்," என்றான் எமெட்.

"துப்பாக்கி சரியில்லைப்பா," என்றான் லெஸ்டர்.

"துப்பாக்கிதான்," என்று மொத்தக் கூட்டமும் ஆமென் சொல்வது போலச் சொன்னது. அத்தனை பேர் இடுப்பிலும் நன்றாகச் சுடுகிற துப்பாக்கி ஒன்று இருந்தது. மூக்கு சிந்தக் கைக்குட்டை கேட்டால்கூடத் துப்பாக்கியை நீட்டுகிற ஊர் எங்கள் ஊர். அன்றைக்கு ஒருவர்கூட, "இந்தா, என்னோடதுல சுடு" என்று சொல்லவில்லை.

சட்டையிலிருந்த சபைச் சின்னத்தைக் கழற்றப் பார்த்தேன். ஊக்கு இறுகியிருந்தது. லவோனா வந்து கழற்றிக் கொடுத்தாள்.

கிழக்கு வாசலில் என் இடத்துக்கு யாரையும் போடவில்லை. பொத்தானை அமுக்கினால் தானே திறந்துகொள்ளும் கதவாக மாற்றிவிட்டார்கள். அது இதுவரை ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. ஐடா மே அதனிடமும் ஏதோ கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.

இரண்டு வாரம் வீட்டிலேயே கிடந்துவிட்டு, ட்ரூடியிடம் போய்த் துப்பாக்கியைக் கல்லாமேல் வைத்தேன். கடையில் வேறு யாரும் இல்லை.

"இதை எடுத்துக்கோ. காசு வேண்டாம். ஆனா யாருக்கும் வித்துடாதே, பாவம்."

"சரி, மிஸ்டர் ஆர்வில்."

"லவோனாவுக்கு நல்லதா ஒண்ணு காட்டு. பிடி மெத்துன்னு, ஸ்பிரிங் லேசா இருக்கணும்."

"அவங்களுக்கு எதுக்கு லேசா?"

குரலைத் தாழ்த்தினேன். "அன்னைக்கு அவளுக்குச் சிக்கினப்ப நீயும்தான் இங்க இருந்தியே. யோசிச்சுப் பார்த்தேன். செஞ்சவன் பொய் சொல்லலைன்னா, அவ மணிக்கட்டுதான் தளர்ந்துபோச்சு. வயசாகுதில்ல? நான் அவகிட்ட இதைச் சொல்லலை. மனசு ஒடிஞ்சு போவா. நீயும் சொல்லிடாதே."

ட்ரூடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கல்லாமேல் வைத்தாள்.

"உட்காருங்க."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். என்ன?"

"அந்த சனிக்கிழமைக்கு முன்னாடி அவங்க இங்க தனியா வந்தாங்க. இதே துப்பாக்கி. நீங்க வேண்டாம்னு ஒதுக்கினீங்களே, அந்த அத்தனை தோட்டாவையும் பையில அள்ளிட்டு வந்து ஒண்ணு விடாம சுட்டாங்க."

"எத்தனை சிக்குச்சு? நேராச் சொல்லு, ட்ரூடி."

"ஒண்ணுகூட இல்லை. சுட்டு முடிச்சதும் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் எழுந்து வந்து, 'இதை எப்படிச் சிக்க வைக்கறதுன்னு எனக்குச் சொல்லிக்கொடு'ன்னாங்க," என்றாள் ட்ரூடி. "அவங்க கை லேசுல தளர மாட்டேங்குது, மிஸ்டர் ஆர்வில், கத்துக்கிட்டு முடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு."